தாலி இருக்கிறது, பதிவு இல்லை: சேர்ந்து வாழ்ந்ததை ஸ்பொன்சருக்கு நிரூபிப்பது எப்படி?

லிந்துலையில் நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். மெராயா, நாகசேனை, தங்கக்கலை, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் கடிதம், சத்தியக் கடதாசி என்று பலதையும் ஆங்கிலத்துக்கு மாற்றித் தரும்படி வருவார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கனடாவுக்கான ஸ்பொன்சர் விண்ணப்பத்தோடு வருபவர்கள். புருஷன் அங்கே, பெண்சாதி இங்கே. மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, ஐந்தாறு வருடம் ஒரே லயத்தில் குடும்பம் நடத்தி, பிள்ளையும் பெற்றிருப்பார்கள். திருமணப் பதிவுச் சான்றிதழ் மட்டும் இருக்காது.

வன்னியிலிருந்து வருபவர்களின் நிலைமையும் இதுதான். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களின் பிள்ளைகள் யுத்தத்துக்குள்ளே கலியாணம் கட்டினார்கள். பதிவு செய்ய நேரம் இருக்கவில்லை. பதிவு செய்தவர்களும் 2009இல் கடதாசிகளை இழந்துவிட்டார்கள்.

"சேர்ந்து வாழ்ந்தோம் என்று சொன்னால் போதாதா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. போதாது. ஆனால் நிரூபிக்க வழி இருக்கிறது. நான் சட்டத்தரணி அல்ல. இத்தனை வருடமாக இந்தக் கடதாசிகளைப் பார்த்ததில் தெரிந்ததையும், சட்டத்தில் தெளிவாக உள்ளதையும் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

கனடாச் சட்டம் யாரைத் துணை என்கிறது?

கனடாவின் 2002ஆம் ஆண்டுக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் மூன்று வகையான துணைகளை ஏற்கின்றன.

முதலாவது, சட்டப்படி திருமணம் செய்த கணவன் அல்லது மனைவி. வெளிநாட்டில் நடந்த திருமணம் என்றால், அது நடந்த நாட்டின் சட்டப்படியும் கனடாவின் சட்டப்படியும் செல்லுபடியாக வேண்டும்.

இரண்டாவது, கொமன்-லோ துணை. குறைந்தது ஒரு வருடமாவது தொடர்ந்து ஒரே வீட்டில் கணவன் மனைவி போல வாழ்ந்தவர்கள். சடங்கு நடந்ததா, தாலி கட்டினதா என்று சட்டம் பார்ப்பதில்லை.

மூன்றாவது, கொன்ஜுகல் துணை. ஒரு வருடத்துக்கு மேல் கணவன் மனைவிக்குரிய உறவில் இருந்தும், தங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் சேர்ந்து வாழவோ திருமணம் செய்யவோ முடியாதவர்கள். இந்த வகையில் விண்ணப்பிப்பது கடினம். "நீங்கள் இருவரும் இலங்கையில் பதிவுத் திருமணம் செய்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை?" என்ற கேள்விக்குப் பலமான பதில் இருந்தால் மட்டுமே இந்தப் பக்கம் போக வேண்டும்.

கணவன் மனைவிக்குரிய உறவு என்றால் என்ன? கனடாவின் உச்ச நீதிமன்றம் 1999இல் "எம். எதிர் எச்." என்ற வழக்கில் அதற்கான அடையாளங்களைச் சொன்னது. ஒரே கூரையின் கீழ் வாழ்தல், தாம்பத்தியமும் ஒருவருக்கொருவர் உண்மையாக இருத்தலும், வீட்டு வேலைகளைப் பகிர்தல், ஊர் காரியங்களுக்கு ஒன்றாகப் போதல், பணத்தைச் சேர்த்துச் செலவழித்தல், பிள்ளைகள், இவர்களை ஊர் ஒரு சோடியாகப் பார்ப்பது ஆகியவையே அவை. ஏழும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அதிகாரி உங்கள் கோப்பைத் திறக்கும்போது தேடுவது இவற்றைத்தான். ஆவணம் சேர்க்கும்போது இந்த ஏழையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைச் சட்டத்தில் சேர்ந்து வாழ்தல்

கொமன்-லோ என்ற பிரிவு இலங்கைக் குடும்பச் சட்டத்தில் இல்லை. ஆனால் சேர்ந்து வாழ்ந்ததற்கு இங்கேயும் பழைய மதிப்பு ஒன்று உண்டு. 1881இல் இலங்கையிலிருந்து இலண்டன் பிரிவுக் கவுன்சிலுக்குப் போன "ஆறுநகரி எதிர் வைகலி" என்ற தமிழர் வழக்கில், ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தது நிரூபிக்கப்பட்டால், மாறாகத் தெளிவான சான்று வராதவரை அவர்கள் முறைப்படி திருமணம் செய்தவர்கள் என்றே சட்டம் அனுமானிக்கும் என்று தீர்ப்பானது. 1927இல் "தினோஹாமி எதிர் பலஹாமி" வழக்கிலும் இதே நிலைப்பாடு உறுதியானது. வழக்கப்படி நடந்த திருமணம் பதிவில்லை என்ற ஒரே காரணத்தால் செல்லாததாகிவிடாது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் செய்யப்படும் பதிவு, திருமணத்துக்கான மிகச் சிறந்த சான்று.

இது உள்ளூர் நீதிமன்றத்தில் சொத்துக்கும் முதுசத்துக்கும் உதவும். விசா அதிகாரிக்கு முன்னால் இதை மட்டும் நம்பிப் போக முடியாது. அவர் கேட்பது சான்றிதழ், அல்லது ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்ததற்கான கடதாசி.

குடும்பம் நடத்தியதைக் கடதாசியில் காட்டச் சொல்வது தோட்டத்துச் சனத்துக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்களுக்கு, 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வழி வைத்தது. திருமணமானவர் 7 வருடமும், திருமணமாகாதவர் 10 வருடமும் இடைவிடாமல் இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். தாலி மட்டும் கட்டியவர்கள், பிறப்புப் பதிவில்லாதவர்கள், ஒருமுறை இந்தியா போய் வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கடதாசிச் சோதனையில் மாட்டினார்கள். 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போடப்பட்டு, ஏறக்குறைய 1,34,000 பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது. அன்று பாட்டன் பாட்டிமார் எதை வைத்துத் தேடினார்களோ, அதே செக்ரோலையும் தோட்டத்துக் கடிதத்தையும்தான் இன்று பேரப்பிள்ளைகளும் தேடுகிறார்கள்.

முடிந்தால் பதிவு செய்யுங்கள்

என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இரண்டு பேருக்கும் வேறு திருமணம் இல்லையா, இருவருக்கும் 18 வயது ஆகிவிட்டதா, வெளிநாட்டில் உள்ளவர் இங்கே வந்து போக முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மனைவி அல்லது கணவன் என்ற வகையில் விண்ணப்பிப்பதே இலகு. முன்பு தாலி கட்டிய திகதியை மறைக்கத் தேவையில்லை. "இந்த வருடம் கோயிலில் தாலி கட்டினோம், அன்றிலிருந்து சேர்ந்து வாழ்ந்தோம், இந்தத் திகதியில் பதிவு செய்தோம்" என்று விளக்கக் கடிதத்தில் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாப்பிள்ளை ரொறன்ரோவில், பெண் இங்கே, தொலைபேசியிலோ வீடியோவிலோ அல்லது வேறொருவரை நிறுத்தியோ செய்யும் திருமணத்தைக் கனடா 2015 ஜூன் 11 முதல் ஸ்பொன்சருக்கு ஏற்பதில்லை. இருவரும் நேரில் நிற்க வேண்டும்.

யாருக்கு கொமன்-லோ வழி தேவைப்படுகிறது?

பதிவு செய்ய முடியாதவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி.

கணவன் காணாமற்போன பெண்கள். பதிவுத் திருமணம் செய்திருந்தால், சட்டப்படி அந்தத் திருமணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மறுமணம் செய்ய மரணச் சான்றிதழ் வேண்டும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணங்களைப் பதிவு செய்தல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் அதைப் பெறலாம். ஆனால் மரணச் சான்றிதழ் வாங்கினால் அவர் செத்துவிட்டார் என்று தானே கையெழுத்து வைத்ததாகிவிடும் என்று பலர் மறுக்கிறார்கள். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. அது பிள்ளைகளின் காரியங்களுக்கும் கொடுப்பனவுகளுக்கும் உதவும். மறுமணத்துக்கு வழி தராது. இப்படி ஒருவர் இன்னொருவரோடு வாழத் தொடங்கி ஒரு வருடம் கடந்தால், பழைய திருமணம் கடதாசியில் இருந்தாலும் கொமன்-லோ துணையாக விண்ணப்பிக்கலாம். முந்தைய கணவரோடு வாழ்வது எப்போது, எப்படி நின்றது என்பதைக் காட்ட வேண்டும். காணாமற்போனமைக்கான சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தில் பதிந்த இலக்கம் ஆகியவை இங்கே கைகொடுக்கும்.

பிரிந்தும் விவாகரத்துக் கிடைக்காதவர்கள். இலங்கையில் விவாகரத்துக்குப் பிறன்மனை நாட்டம், வன்மமாகக் கைவிடல், தீராத ஆண்மைக்குறைவு போன்ற குற்றத்தை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். நாட்சம்பளத்தில் வாழும் ஒருவரால் தவணைக்குத் தவணை கோட்டுக்குப் போக முடியாது. வழக்கு இலக்கமும் தவணைத் துண்டுகளும் இருந்தால் அவற்றையும் இணையுங்கள்.

தடுப்பில் இருந்தவர்களின் துணைகள். ஒரு வருடத்துக்கு மேல் கணவன் மனைவிக்குரிய உறவில் இருந்தும், துன்புறுத்தலாலோ சிறை, தடுப்புக் காவல் போன்றவற்றாலோ சேர்ந்து வாழ முடியாமற்போனவர்களையும் கனடாவின் ஒழுங்குவிதி கொமன்-லோ துணையாகவே கணக்கிடுகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ புனர்வாழ்வு முகாமிலோ இருந்தவர்களுக்கு இது முக்கியம். தடுப்பு உத்தரவு, விடுதலைக் கடிதம், சர்வதேச செஞ்சிலுவைக் குழு வழங்கும் தடுப்புச் சான்று, சிறைக்கு எழுதிய கடிதங்கள் ஆகியவற்றைச் சேருங்கள்.

ஒரே பாலினச் சோடிகள். இலங்கையில் அவர்களுக்குத் திருமணம் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் அவர்களை அச்சுறுத்துகின்றன. சேர்ந்து வாழ்ந்திருந்தால் கொமன்-லோ, வாழ முடியாமற்போயிருந்தால் கொன்ஜுகல் துணை என்ற வழி அவர்களுக்கு உண்டு. ஏன் ஊரறிய வாழவில்லை என்பதை நாட்டின் சட்டத்தையும் வீட்டு நிலைமையையும் சொல்லி விளக்கலாம்.

லயத்தில் வாழ்ந்ததற்கு எது சான்று?

கனடாவின் படிவம் கேட்கும் பட்டியல் அந்த நாட்டு வாழ்க்கையை வைத்து எழுதப்பட்டது. கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வீட்டு வாடகை ஒப்பந்தம், மின்சாரம், தண்ணீர், தொலைபேசிக் கட்டணச் சீட்டுகள், ஒரே முகவரியுள்ள சாரதி அனுமதிப்பத்திரங்கள், காப்புறுதி. லயன் காம்பராவில் வாழ்ந்தவரிடம் இவை இருக்காது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். லைட் பில் மாமனார் பெயரில். கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வரும். லயத்துக்கென்று தனி முகவரி பெரும்பாலும் இல்லை.

இல்லாததைத் தேடி அலைய வேண்டாம். நம்மிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

வாக்காளர் இடாப்பு. இதை நான் முதலில் வைப்பேன். வீடு வாரியாக, வருடா வருடம், அரசாங்கம் எழுதும் பதிவு இது. இருவரின் பெயரும் ஒரே வீட்டில் எந்தெந்த வருடங்களில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த வருடங்களுக்கான பிரதியை உறுதிப்படுத்தி வாங்குங்கள்.

கிராம உத்தியோகத்தர் சான்றிதழ். "நன்னடத்தையுடையவர்" என்று மட்டும் எழுதிய கடிதம் உதவாது. எந்த வருடத்திலிருந்து, எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவில், எத்தனையாம் இலக்க லயத்தில், யாரோடு கணவன் மனைவியாக வசிக்கிறார், அதை அவர் எந்தப் பதிவேட்டின்படி சொல்கிறார் என்பவை வேண்டும். பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும்.

தோட்ட ஆபீஸ் கடிதம். பேர் பதிந்த தொழிலாளி என்றால் செக்ரோல் இலக்கம், வேலையில் சேர்ந்த திகதி, ஒதுக்கப்பட்ட காம்பரா, அதில் குடியிருப்பவர்கள் என்ற விபரங்கள் ஆபீசில் இருக்கும். துரையிடம் அல்லது பெரிய கிளாக்கரிடம் அந்த விபரங்களோடு கடிதம் கேளுங்கள். வெளித் தோட்டத்திலிருந்து வந்து மனைவி வீட்டில் இருந்த ஆணின் பெயர் செக்ரோலில் இருக்காது. அவருக்கு வாக்காளர் இடாப்பும் கிராம உத்தியோகத்தர் கடிதமும்தான் துணை.

ஊழியர் சேமலாப நிதிப் படிவம். தனக்குப் பின் பணம் யாருக்கு என்று எழுதிய பின்னுரித்தாளர் பெயர் மிகப் பலமான சான்று. ஸ்பொன்சர் பற்றிய நினைப்பே இல்லாத காலத்தில், மனைவி என்று எழுதிக் கையெழுத்து வைத்த கடதாசி அது. காப்புறுதி, வங்கிச் சேமிப்புப் புத்தகம், மரண உதவிச் சங்கப் புத்தகம், தொழிற்சங்க உறுப்பினர் விபரம் ஆகியவையும் இப்படியே.

கர்ப்பிணித் தாய் கிளினிக் அட்டை. மருத்துவிச்சி எழுதும் அட்டையில் கணவன் பெயர், வசிப்பிடம், திகதி மூன்றும் இருக்கும். பிள்ளையின் தடுப்பூசி, வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தையும் எறியாதீர்கள். வைத்தியசாலை அனுமதித் துண்டில் "கூட வந்தவர்: கணவர்" என்று எழுதியிருந்தால் அதுவும் சான்றுதான்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். அதில் பெற்றோர் திருமணமானவர்களா என்ற கேள்வி உண்டு. பதிவுத் திருமணம் இல்லாதவர்களுக்கு "இல்லை" என்று எழுதியிருப்பார்கள். வெட்கப்பட்டு இந்தச் சான்றிதழை மறைக்கப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். மறைக்கக் கூடாது. திருமணமாகாத பெற்றோரின் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் பதிய வேண்டுமானால் இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். ஆகவே "இல்லை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தகப்பன் பெயர் இருப்பது உங்களுக்குச் சாதகமான சான்று.

மற்றவை. சமுர்த்தி அல்லது அஸ்வெசும விண்ணப்பத்தின் குடும்ப விபரம், பாடசாலை அனுமதிப் படிவத்தில் பெற்றோர் பெயர், நகை அடகுத் துண்டு, கடையில் தவணைக்கு வாங்கிய பொருளின் பற்றுச்சீட்டு, வீட்டு முகவரிக்கு வந்த கடித உறை, கோயில் திருவிழாக் காசு கட்டிய துண்டு. தனித்தனியே இவை சிறியவை. திகதி வரிசையில் அடுக்கினால் ஒரு குடும்பத்தின் கதை தெரியும்.

வன்னியில் வாழ்ந்தவர்களுக்குக் குடும்ப அட்டை, நிவாரண அட்டை, மெனிக் பாம் போன்ற முகாம்களில் குடும்பமாகப் பதிந்த துண்டு, மீள்குடியேற்றப் படிவம் ஆகியவை பயன்படும். தமிழகத்து முகாமில் இருந்தவர்களிடம் அகதிக் குடும்ப அட்டை இருக்கும். எல்லாம் போய்விட்டது என்றால், எப்போது, எந்த இடப்பெயர்வில், எப்படி இழந்தீர்கள் என்று சத்தியக் கடதாசியில் எழுதுங்கள். பின்னர் பிரதி கேட்டு விண்ணப்பித்த கடிதத்தையும், கிடைக்கவில்லை என்று வந்த பதிலையும் இணையுங்கள். தேடிப் பார்த்ததற்கான அடையாளத்துக்கும் மதிப்புண்டு.

அந்த ஒரு வருடத்தை எண்ணுவது

தொடர்ச்சியான 12 மாதங்கள் வேண்டும். இங்கே மூன்று மாதம், பிறகு அங்கே நான்கு மாதம் என்று துண்டு துண்டாகக் கூட்ட முடியாது. வேலைக்காகவோ, வீட்டுத் துக்கத்துக்காகவோ சிறிது காலம் விலகியிருப்பது தொடர்ச்சியை முறிக்காது.

புருஷன் கொழும்பில் கடையில் வேலை செய்துகொண்டு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வீட்டுக்கு வந்திருந்தால், அதைச் சேர்ந்து வாழ்ந்ததாகக் காட்டுவது கடினம். மாதா மாதம் வந்து போனது, சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பியது, அவருடைய நிரந்தர முகவரி லயமாகவே இருந்தது ஆகியவற்றை விளக்க வேண்டும்.

ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தது உறுதியானால், அதன் பின் வெளிநாடு போய்ப் பிரிந்திருந்தாலும் உறவு தொடர்கிறது என்று காட்டலாம். காசு அனுப்பிய பற்றுச்சீட்டு, தொலைபேசி அழைப்பு விபரம், வட்ஸ்அப் உரையாடல், விமானச் சீட்டு ஆகியவை இதற்கானவை. உரையாடலை ஆயிரம் பக்கம் அச்சடிக்க வேண்டாம். மாதத்துக்கு ஓரிரு பக்கம், திகதி தெரியும்படி, தேவையான வரிகளை மொழிபெயர்த்து இணைத்தால் போதும்.

சத்தியக் கடதாசியும் சாட்சிக் கடிதங்களும்

ஐ.எம்.எம். 5409 என்பது கொமன்-லோ உறவுக்கான சட்டபூர்வப் பிரகடனம். இருவரும் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். இலங்கையில் இருப்பவர் சத்தியப்பிரமாண ஆணையாளர் அல்லது நொத்தாரிசு முன்னிலையில் செய்யலாம். ஐ.எம்.எம். 5532 உறவின் வரலாற்றைக் கேட்கும் நீண்ட படிவம். எங்கே சந்தித்தீர்கள், எப்போது சேர்ந்து வாழத் தொடங்கினீர்கள், யார் யாருக்குத் தெரியும் என்று கேட்கும். இவற்றில் வரும் திகதிகள் மற்ற எல்லாக் கடதாசிகளோடும் ஒத்துப்போக வேண்டும்.

சாட்சிக் கடிதங்களில் நான் அடிக்கடி காணும் குறை, பத்துப் பேரின் கடிதமும் ஒரே கை எழுதியது போல இருப்பது. "இவர்கள் நல்ல தம்பதிகள், எனக்கு நன்றாகத் தெரியும்" என்ற வசனம் பத்துத் தடவை வந்தாலும் பயனில்லை. பக்கத்துக் காம்பராக்காரி தான் பார்த்ததை எழுதட்டும்: இருவரும் எந்த மாதம் குடிவந்தார்கள், பிள்ளை பிறந்த அன்று யார் வைத்தியசாலைக்குத் தூக்கிப் போனார்கள், மாமியார் செத்தபோது மருமகன் எங்கே நின்றார். மூன்று நல்ல கடிதம், பத்து வெறும் கடிதத்தைவிட மேல். எழுதுபவரின் அடையாள அட்டைப் பிரதியையும் சேருங்கள்.

மொழிபெயர்ப்பை விண்ணப்பதாரரோ அவரது குடும்பத்தவரோ செய்யக் கூடாது. தமிழ், சிங்கள மூலப் பிரதி, மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். மூல ஆவணத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பெயர் எழுத்து வேறுபாடு தோட்டத்துக் கடதாசிகளில் சாதாரணம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், செக்ரோலில் வேறொரு பெயர். மூன்றும் ஒருவரே என்று தனிச் சத்தியக் கடதாசி வையுங்கள்.

உண்மையான உறவா என்ற சோதனை

உறவு உண்மையானதாக இருக்க வேண்டும்; குடிவரவுப் பலனைப் பெறுவதை முதன்மை நோக்கமாகக் கொண்டதாகவும் இருக்கக் கூடாது. 2010க்குப் பிறகு இந்த இரண்டில் ஒன்றில் தவறினாலே விண்ணப்பம் விழும். நேர்முகத்தில் இருவரையும் தனித்தனியே கேட்கலாம். பாடமாக்கிச் சொல்லும் பதிலை அதிகாரிகள் எளிதில் கண்டுகொள்வார்கள். மறந்துவிட்டதை மறந்துவிட்டது என்றே சொல்லுங்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று முறையுள்ளவர்கள் அதை மறைக்க வேண்டாம். அந்த உறவுக்கு இங்கேயோ கனடாவிலோ தடை இல்லை.

புதிதாகப் பட்டுச் சேலை கட்டி எடுக்கும் படங்களைவிட, பழைய கைத்தொலைபேசியில் உள்ள மங்கலான பிறந்தநாள் படம் பெறுமதி மிக்கது. இல்லாத திகதிக்குக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று காசு கேட்கும் தரகர்களை விலக்குங்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் 5 வருடத் தடை வரும். உண்மையாக வாழ்ந்த குடும்பமும் அதோடு பிரிந்துபோகும்.

"தனியாள்" என்று எழுதியவர்கள்

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் விழுவது இந்தப் பள்ளத்தில்தான். கனடாவில் நிரந்தர வதிவிடம் பெறும்போது, பதிவுத் திருமணம் இல்லைத்தானே என்று நினைத்துப் படிவத்தில் தனியாள் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதற்கு முன்பே ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்து, அந்த உறவு தொடர்ந்திருந்தால், அன்றைக்கே அவருக்குக் கொமன்-லோ துணை இருந்தார். அறிவிக்கப்படாமல், பரிசோதிக்கப்படாமல் விடப்பட்ட துணையை ஒழுங்குவிதி 117(9)(ஈ) குடும்ப வகுப்பிலிருந்து விலக்கிவிடுகிறது. பின்னர் ஊருக்கு வந்து பதிவுத் திருமணம் செய்தாலும் இந்தத் தடை போகாது. அறிவிக்காத பிள்ளைக்கும் இதே விதி.

இதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. 2019 செப்டெம்பர் 9 முதல் கனடா ஒரு விசேட கொள்கையைக் கொண்டுவந்தது. அகதியாக ஏற்கப்பட்டு வந்தவர்களும், தாமே துணையாக அல்லது பிள்ளையாக ஸ்பொன்சரில் வந்தவர்களும் அறிவிக்காமல் விட்ட குடும்பத்தவரை அழைக்க அது இடம் தந்தது. காலம் குறித்த கொள்கை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று கனடாவின் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். இரண்டாவது, மனிதாபிமான, கருணை அடிப்படையிலான வேண்டுகோள். இரண்டுக்கும் நல்ல சட்டத்தரணி ஒருவரைப் பிடிப்பது அவசியம்.

இனிப் போகப்போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: தாலி கட்டியிருந்தால், சேர்ந்து வாழ்ந்திருந்தால், பிள்ளை இருந்தால், எல்லோரையும் எழுதுங்கள். முந்தைய உறவில் பிறந்த பிள்ளைகளையும் எழுதுங்கள். 22 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளைத் தங்கி வாழ்வோராகச் சேர்க்கலாம்.

ஸ்பொன்சர் செய்பவரும் வந்து சேருபவரும்

ஸ்பொன்சர் செய்பவர் 18 வயது நிரம்பிய கனடாப் பிரஜையாக அல்லது நிரந்தர வதிவாளராக இருக்க வேண்டும். துணையை அழைக்கப் பொதுவாகக் குறிப்பிட்ட வருமான எல்லை இல்லை. ஊனம் தவிர்ந்த காரணத்துக்காக அரசின் சமூக உதவிப் பணம் எடுப்பவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. தாமே துணையாக ஸ்பொன்சரில் வந்தவர், வதிவிடம் பெற்று 5 வருடம் கழியும்வரை இன்னொரு துணையை அழைக்க முடியாது. துணையின் செலவுகளுக்கு 3 வருடம் பொறுப்பேற்கிறார். கியூபெக் மாகாணத்துக்குத் தனி நடைமுறை உண்டு.

வந்து சேரும் பெண்கள் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. 2012இல் வந்த, இரண்டு வருடம் கட்டாயம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. அங்கே அடி உதை நேர்ந்தால், வீட்டை விட்டு வெளியேறியதற்காக மட்டும் உங்கள் நிரந்தர வதிவிடம் பறிபோகாது. "உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்ற மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள்.

மற்ற நாடுகள்

அவுஸ்திரேலியாவில் இந்த உறவை டி-பக்டோ என்பார்கள். பொதுவாக 12 மாத உறவு வேண்டும். பணம், வீடு, சமூகம், ஒருவர்மீது ஒருவர் கொண்ட பற்றுறுதி என்ற நான்கு தலைப்பில் சான்று கேட்கிறார்கள். பிரித்தானியாவில் திருமணம் செய்யாத துணைக்கு, திருமணத்துக்கு ஒப்பான 2 வருட உறவு வேண்டும். அங்கே 2024 ஏப்ரல் 11 முதல் ஸ்பொன்சர் செய்பவரின் வருமான எல்லை வருடத்துக்கு 29,000 பவுண்ஸ் ஆக உயர்ந்தது. மேலே சொன்ன ஆவணங்கள் இந்த நாடுகளுக்கும் பயன்படும்.

மறுத்துவிட்டால்

வெளிநாட்டிலிருந்து குடும்ப வகுப்பில் போட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டால், ஸ்பொன்சர் செய்தவர் 30 நாட்களுக்குள் கனடாவின் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய சான்றுகளையும் வைக்கலாம். மறுப்புக் கடிதத்தைப் பலமுறை வாசியுங்கள். "சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் போதாது" என்பதும் "உறவு உண்மையானதல்ல" என்பதும் வேறு வேறு. முதலாவதற்குக் கடதாசி தேட வேண்டும். இரண்டாவதற்கு முரண்பாட்டை விளக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. வெளிநாடு போகும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும், கிளினிக் அட்டையையும், சேமலாப நிதிப் படிவப் பிரதியையும், பிள்ளைகளின் புத்தகங்களையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை வாக்காளர் படிவம் வரும்போது இருவரின் பெயரும் ஒரே வீட்டில் பதியப்படுகிறதா என்று நின்று பாருங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.